சுவரைத் தாண்டும் லாரி இரைச்சல்: எதிர் ஒலி எங்கே பயன்படும்?

மேம்பாலங்களையும் விரைவுச் சாலைகளையும் ஒட்டிய குடியிருப்புகளில், ஒலித்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்ட பிறகும் நள்ளிரவில் லாரிகளின் உறுமல் வீடுகளுக்குள் கேட்கிறது. பல பெருநகரங்களில் கனரக வாகனங்களுக்குப் பகலில் கட்டுப்பாடு உள்ளதால், அவை இரவில்தான் நகருக்குள் நுழைகின்றன. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்.

சுவர் தோற்பதற்குக் காரணம் அலைநீளம். சுமார் 1,000 ஹெர்ட்ஸில் எழும் டயர் ஒலியின் அலைநீளம் 34 செ.மீ. மட்டுமே, மூன்று மீட்டர் சுவர் அதைப் பெருமளவு மறைத்துவிடும். நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினின் அடிப்படை ஒலியோ 75 ஹெர்ட்ஸ். அலைநீளம் நாலரை மீட்டர். சுவரின் உயரத்தையே விஞ்சும் அந்த அலை, உச்சி விளிம்பில் வளைந்து மறுபுறம் இறங்கிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் 'எதிர் ஒலி' நுட்பம் பேசப்படுகிறது. விளிம்பில் பொருத்தப்படும் மைக்ரோபோன்கள் ஒலியை உணர, ஒலிபெருக்கிகள் அதற்கு நேர் எதிரான அலையை எழுப்பி அதை அடக்குகின்றன. 1936-இல் பால் லூக் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இக்கருத்து, இன்று விமானப் பயணிகளின் ஹெட்போன்களில் இயங்குகிறது. சுவர் விளிம்பில் இதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் ஜப்பானில் 1990-களிலேயே நடந்தன.

ஆனால் நெடுஞ்சாலை, ஹெட்போன் அல்ல. 200 ஹெர்ட்ஸ் வரை அடக்குவதற்கே, ஒலிபெருக்கிகள் சுமார் 85 செ.மீ. இடைவெளிக்குள் இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,200 தேவை. அவை புழுதியையும் பருவமழையையும் தாங்க வேண்டும். ஓடும் வாகனங்களின் ஒலி கணந்தோறும் மாறுகிறது. திடீரென அலறும் ஹார்னுக்கு இந்நுட்பத்திடம் விடையில்லை. அது போக்குவரத்துக் காவலர் தீர்க்க வேண்டிய விவகாரம்.

எனவே முதல் முயற்சிக்குரிய இடம் சாலை அல்ல, துணை மின் நிலையம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்கும் டிரான்ஸ்பார்மர்கள் 100 ஹெர்ட்ஸில் இடைவிடாது முழங்குகின்றன. ஒலி எழும் இடமும் மாறுவதில்லை, அதன் அதிர்வெண்ணும் மாறுவதில்லை. அடுக்குமாடி வளாகங்களின் டீசல் ஜெனரேட்டர்களும் ஏறக்குறைய அப்படியே. அங்கே சுவரின் உச்சியில் சில ஒலிபெருக்கிகளே பயன் தரக்கூடும்.

அளவீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. விதிகள் பின்பற்றும் 'ஏ' அளவுகோல், செவியின் உணர்திறனுக்கேற்ப 100 ஹெர்ட்ஸ் ஒலியில் 19 டெசிபலைக் கழித்துவிடுகிறது. மூடிய ஜன்னல் மற்ற ஓசைகளைத் தடுத்தாலும், இந்த முழக்கத்தை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. ஆயினும் 60 டெசிபல் முழக்கம் கருவியில் 41 எனப் பதிவாகி, இரவு வரம்புக்குள் அடங்கிவிடுகிறது.