மிகுதிச் சொற்களும் தேர்வு நெறியும்: ஜப்பானிய மொழியை முன்வைத்து

உறு, தவ, நனி ஆகிய மூன்று உரிச்சொற்களும் மிகுதிப் பொருள் தருவன எனத் தொல்காப்பிய உரியியல் ஒருங்கு தொகுத்துரைக்கிறது. பொருளால் ஓரினமாகும் சொற்கள் வழக்காலும் ஒன்றாகுமா என்னும் வினா இத்தொகுப்பை அடுத்து எழுவது இயல்பு. ஆகா என்பதற்கு ஜப்பானிய மொழி தக்க சான்றாகும். அம்மொழியின் மிகுதிச் சொற்கள் அனைத்தையும் 'மிக' என்னும் ஒரு சொல்லால் பெயர்ப்பது ஏற்புடையதன்று.

குளிரின் மிகுதியைக் கூற 'ஹிஜோனி', 'ஸுகொக்கு', 'தொத்தெமொ' ஆகிய மூன்றும் வரும். ஹிஜோனி, 'வழக்கமல்லாத' என்னும் பொருளுடைய சீனவழிச் சொல்லின் அடியாகப் பிறந்தது. அறிக்கை, மேடையுரை முதலிய முறைசார் நடைக்கு உரியது. ஸுகொக்கு, அச்சமூட்டும் நிலையை முன்னர்ச் சுட்டிய 'ஸுகொய்' என்னும் பெயரடையின் வினையடை வடிவம். இன்று நெருங்கியோர் பேச்சில் பயில்கிறது. தமிழ்ப் பேச்சில் வழங்கும் 'பயங்கர அழகு' இதற்கு ஒப்பு. தொத்தெமொ இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. எதிர்மறையோடு சேர்ந்து 'எவ்வாற்றானும் இயலாது' என்னும் பொருள் தருவதே அதன் முந்தைய பெருவழக்கு. உடன்பாட்டில் அது தோக்கியோவில் பரவியதை எழுத்தாளர் அகுத்தாகவா ரியூனொசுகே (1892–1927) தம் காலத்துப் புதுவழக்காகக் குறித்துள்ளார். எதிர்மறை வழக்கு இன்றும் வழங்குவதால், அவ்விடத்தில் 'மிக' என்று பெயர்ப்பது பிழையாகவே முடியும்.

'கனரி', 'ஜுயிபுன்' ஆகியவற்றின் வேறுபாடு இன்னும் நுட்பமானது. கனரி, பொது அளவைக் கடந்தும் உச்சத்தை எட்டாத நிலையைச் சுட்டும். ஜுயிபுன், எதிர்பார்ப்பைக் கடந்ததால் பேசுவோர் கொள்ளும் வியப்பையும் உடன் உணர்த்தும். ஒருவருடைய திறனை ஜுயிபுன் என்று புகழும்போது, 'இவ்வளவு எதிர்பார்க்கவில்லை' என்னும் குறிப்பும் உடன் ஒலிக்கக்கூடும். 'மிக' என்னும் பெயர்ப்பில் புகழ்ச்சி நிற்கும், குறிப்பு மறையும். உரையாடலை உயிராகக் கொண்ட புனைகதையில் இது மாந்தர் உறவையே மாற்றிக் காட்டும்.

இத்தனை சொற்களுக்கும் நிகரான தனிச்சொற்கள் இன்றைய தமிழ் வழக்கில் இல்லை எனலாம். சொல்லுக்குச் சொல் நிகர் வேண்டுவதில்லை. 'எதிர்பார்த்ததினும்', 'ஓரளவுக்கு மேலாகவே' போன்ற தொடர்களும் அப்பணியைச் செய்யும். எனவே ஜப்பானிய–தமிழ் அகராதி தொகுப்போர் ஒவ்வொரு மிகுதிச் சொல்லுக்கும் அளவு, நடை, பேசுவோர் நோக்கு, உடன்பாடு எதிர்மறை இயைபு ஆகிய நான்கையும் எடுத்துக்காட்டுடன் பதிவு செய்தல் வேண்டும். பொருளை மட்டும் தரும் அகராதியால் மொழிபெயர்ப்பாளரின் தேர்வுக்கு வழிகாட்ட இயலாது.