நாற்பது கழியட்டும் என்று காத்திராதீர்கள்



ஒரு தாயின் கடிதம் என் முன்னே இருக்கிறது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கேட்காவிட்டாலும் வெளியிட்டிருக்க மாட்டேன். அவருடைய மகளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. பிறந்து முப்பது நாட்களாகின்றன. பிள்ளை பெற்றவள் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை; குழந்தை அழுதாலும் திரும்பிப் பார்ப்பதில்லை; கேட்டால் கண்ணீர்தான் விடையாக வருகிறது. சம்பந்தி வீட்டார் ஓதிப் பார்த்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். “நாற்பது கழியட்டும், தானாகச் சரியாகிவிடும்” என்பது வீட்டுப் பெரியவர்களின் முடிவு. வேலூருக்கு அழைத்துப் போகலாம் என்று ஒருவர் சொன்னாராம். “பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனவள் என்ற பெயர் வந்துவிட்டால் அடுத்த பெண்ணை யார் கட்டுவார்கள்?” என்று அந்தத் தாய் கேட்கிறார்.

இந்தக் கேள்வியை அற்பமானது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் குடும்பங்களில் சர்க்கரை நோயை யாரும் மறைப்பதில்லை. இதய நோய்க்கு எந்த மருத்துவரைப் பார்த்தோம் என்பதைப் பெருமையாகவே சொல்வோம். மனத்தில் நோய் என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். மணப்பேச்சு நடக்கும் வீட்டில் அந்த அச்சம் எத்தகையது என்பதை அறிந்தவன் நான். என் உறவிலேயே ஒருவரை எட்டு ஆண்டுகள் பின்கட்டு அறையில் வைத்துச் சோறு கொடுத்தார்கள். விருந்தினர் வந்தால் அவர் வெளியூரில் இருப்பதாகச் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தின் தவறு அது. அதற்கு நானும் உடந்தை.

ஆகவே, அந்தச் சகோதரி அஞ்சுகின்ற இடம் உண்மையில் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை, ஊருக்குள் இருக்கும் பெரிய மருத்துவமனையில் இல்லை. சற்றே விலகி, பாகாயத்தில் இருக்கிறது. ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் என்ற கனடா நாட்டுப் பெண் மருத்துவரின் முயற்சியால் 1957-ஆம் ஆண்டு அங்கே மனநல மையம் தொடங்கப்பட்டது. அந்நாளில் மனநோய் மருத்துவமனை என்றாலே உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும்தான் நினைவுக்கு வரும். நோயாளியை ஒப்படைத்துவிட்டு உறவினர் திரும்பிவிடுவர். பலர் திரும்ப வருவதே இல்லை. வேலூரில் வேறொரு விதியை வைத்தார்கள். நோயாளியுடன் உறவினர் ஒருவர் தங்கியாக வேண்டும் என்பதே அது. ஏறத்தாழ அதே காலத்தில் பஞ்சாபின் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகரும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளோடு அவர்களுடைய குடும்பத்தாரையும் தங்க வைத்தார். மேலைநாட்டார் பின்னாளில் வியந்து பார்த்த ஏற்பாடு இது. வேலூரின் இம்முறையைப் பற்றி 1963-லேயே அமெரிக்க மனநல மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது.

இந்த விதியின் பயனை எண்ணிப் பாருங்கள். தாயோ கணவரோ உடன் இருப்பதால் நோயாளிக்கு அச்சம் குறைகிறது. அது மட்டுமன்று. மருந்தை எப்படிக் கொடுப்பது, எந்தப் பேச்சு புண்படுத்தும், எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும் என்பதையெல்லாம் உடன் தங்கியவர் அங்கேயே கற்றுக்கொள்கிறார். வீடு திரும்பும்போது நோயாளியோடு பயிற்சி பெற்ற ஒரு செவிலியும் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று சொல்லலாம். என் உறவினருடன் அப்படி ஒருவர் தங்கியிருந்தால், அந்த எட்டு ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மருத்துவர், செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர், தொழில்வழிச் சிகிச்சை தருவோர் ஆகியோர் ஒரே நோயாளியைச் சேர்ந்து கவனிப்பது அங்குள்ள முறை. இவர்களிடமே மாணவர்களும் பயில்கின்றனர். மனநல மருத்துவராக மேற்படிப்புப் படிப்போர் ஒருபுறம் இருக்க, பொது மருத்துவராகப் போகிற இளைஞர்களுக்குக் கற்பிப்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். நம் மக்கள் “மனம் சரியில்லை” என்று சொல்லி மருத்துவரிடம் போவதில்லை. தலைவலி, நெஞ்சு படபடப்பு, கை கால் எரிச்சல், தூக்கமின்மை என்றுதான் போகிறார்கள். வேலூர் வட்டாரத்தில் ஆரம்ப சுகாதாரச் சிகிச்சைக்கு வருவோரை இத்துறையினர் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருப்பது தெரிய வந்தது. அதை அடையாளம் காணத் தெரியாத மருத்துவர் சத்து ஊசியும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இனி ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் நமக்கு எட்டாத ஏதோ ஒன்று என நினைக்க வேண்டாம். அந்தச் சகோதரியின் மகளைப் பற்றித்தான், அவளை அறியாமலேயே, அவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருந்த 359 பெண்களைக் கடைசி மும்மாதத்தில் சந்தித்தனர். குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரங்களில் மீண்டும் சந்தித்தனர். பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் 2002-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானோர் 100-க்கு 11 பேர். எவருக்கு அதிகம் வந்தது? வருவாய் குறைந்தோருக்கு, கர்ப்ப காலத்தில் துயர நிகழ்ச்சிகளைச் சந்தித்தோருக்கு, கைவேலைக்குத் துணை இல்லாதோருக்கு, மாமியாருடனோ பெற்றோருடனோ மனத்தாங்கல் உடையோருக்கு, ஆண் குழந்தையை விரும்பியிருக்கப் பெண் குழந்தை பிறந்தோருக்கு.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். இவற்றுள் ஜின் எங்கே இருக்கிறது? நம் முற்றமும் அடுப்படியும் நம் நாவும் அல்லவா இருக்கின்றன! “இதுவும் பெண்ணா?” என்று பிரசவ அறை வாசலில் நின்று கேட்டவர் யார் என்பதை அந்தச் சகோதரியின் குடும்பத்தார் நினைவுபடுத்திப் பார்க்கட்டும். யார் மீதும் பழி சுமத்துவதற்காகச் சொல்லவில்லை. நோய்க்குக் காரணம் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்குமானால், அதற்குரிய மாற்றில் ஒரு பகுதியும் அங்கேயே இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு இரவில் நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்க வழி செய்வதற்கு எந்த மருத்துவரும் வரவேண்டியதில்லை.

அந்த மருத்துவர்கள் ஆறு வாரங்களுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோதும் நோய் இருந்தது என்பதையும் கவனியுங்கள். நாற்பது கழிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்பது எல்லோருக்கும் பொருந்துவதன்று. பேறு முடிந்த முதல் சில நாட்களில் வரும் அழுகையும் சோர்வும் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் நீங்கிவிடும். அதற்கு மேலும் நீடிப்பது வேறு; அதற்குச் சிகிச்சை தேவை.

மற்றொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். கட்டுக்கடங்காமல் கொந்தளிக்கும் ஒருவரைக் கயிற்றால் பிணைத்து அழைத்து வருகிறார்கள் என்று வையுங்கள். எந்த ஊசி அவரை விரைவாகவும் ஆபத்தின்றியும் அமைதிப்படுத்தும்? இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு அன்றாடம் எழும் கேள்வி இது. லோரஸிபாம் என்ற மருந்தையும், ஹாலோபெரிடால், புரோமெத்தஸின் என்ற இரண்டின் கூட்டையும் 200 நோயாளிகளிடம் முறைப்படி ஒப்பிட்டு, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுமே பயன் தந்தன. கூட்டு மருந்து விரைவாக உறங்க வைத்தது. விலை மலிவான இந்தக் கூட்டு மருந்து பிரிட்டன் நாட்டின் மருத்துவ வழிகாட்டு நெறிகளில் 2015-இல் இடம் பெற்றது. பாகாயத்தில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை லண்டனுக்கும் பயன்பட்டது.

கயிறு என்றவுடன் சங்கிலி நினைவுக்கு வருகிறது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாமல் கருகினர். மாண்டவர் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோர்களும் உடன்பிறந்தோரும்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது.

தர்கா வாசலுக்குப் போகிறவர்களை ஏளனம் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. வேலூர் மருத்துவர்களும் அதைச் செய்வதில்லை. மனச்சிதைவு நோய் முதன்முதலாகக் கண்டவர்களை அவர்கள் ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் அதற்குத் தெய்வக் குற்றம், செய்வினை போன்ற காரணங்களையே கூறினர். அந்த நம்பிக்கையோடு மருத்துவக் காரணத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டு, இரண்டு இடங்களுக்கும் போய்வந்தவர்களும் இருந்தனர். நோயாளியின் நம்பிக்கையோடு வாதாடாமல் மருத்துவ விளக்கத்தையும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதே அவர்கள் கற்றுக்கொண்ட பாடம். நமக்கும் இது ஒவ்வாததன்று. துஆச் செய்யுங்கள், மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுங்கள். மனநோய் மருத்துவம் அந்நியருடையது என்று முணுமுணுப்போருக்கு ஒன்று சொல்வேன். கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் 1284-இல் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளருக்கென்று தனிப் பகுதியே இருந்தது. நம் முன்னோருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது?

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு.

வேலூர் தொலைவானால் வேலூருக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பால் கொடுப்பவள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுப்போருக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன; எது, எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்யட்டும். தங்கள் மகள் “நான் இருந்து என்ன பயன்?” என்ற வகையில் பேசினாலோ, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினாலோ ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். அன்றே அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவளையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள்.

அடுத்த பெண்ணின் திருமணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூத்தவள் குணமடைந்து, தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கையின் நிக்காஹ் வீட்டில் வளைய வருவதைவிட நல்ல பரிந்துரை வேறு என்ன இருக்க முடியும்?

புறப்படும்போது மருமகனையும் சம்பந்தியம்மாளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொல்வதைத் தாங்கள் திரும்ப வந்து சொல்வதும் அவர்கள் நேரில் கேட்பதும் ஒன்றாகா. அங்கே தங்க நேர்ந்தால் “உடன் இருக்கப்போவது யார்?” என்று கேட்பார்கள். அதற்குரிய விடையை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு, இந்த வாரமே புறப்படுங்கள்.