ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சி மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் மாதத்தில் வயிற்றுப்பிள்ளை தங்காமல் போனது. அதன்பிறகு ஓயாத தலைவலி, மறதி. அடுப்பில் பால் வைத்ததே ஞாபகம் இருக்காது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நார்மல். "எல்லாம் மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வேப்பிலை, தாயத்து. நானும் கூடப் போனேன், மறைப்பானேன்.

இரண்டு வருஷம் கழித்து மதுரையில் ஒரு டாக்டர்தான் பிள்ளை போனதையும் தலைவலியையும் சேர்த்து விசாரித்தார். ரத்தப் பரிசோதனை, 12 வாரம் கழித்து மறுபடியும். இரண்டிலும் பாசிட்டிவ். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். 1983-ல் லண்டன் டாக்டர் கிரகாம் ஹியூஸ் விவரித்ததால் ஹியூஸ் சிண்ட்ரோம் என்றும் பெயர். நம் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி ரத்தத்தை உறைய வைக்கிறது. கால் நரம்பில், நஞ்சுக்கொடியில், மூளையின் நுண்குழாய்களில்கூட.

"முதலிலேயே ஸ்பெக்ட் ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று நம் குரூப்பில் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வழக்கமான எம்.ஆர்.ஐ. வரைபடம் மாதிரி. திருச்சுழிப் படத்தில் குண்டாறு நீலக்கோடாக இருக்கும், இறங்கிப் பார்த்தால் வெறும் மணல். ஸ்பெக்ட், தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பது. டெக்னீஷியம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றி, மூளையில் எங்கே ரத்த ஓட்டம் குறைவு என்று காமா கேமராவில் படம் பிடிப்பார்கள். எம்.ஆர்.ஐ. நார்மலாக இருப்பவருக்கும் இதில் குறை தெரியலாம். ஆனால் தண்ணீர் ஏன் வரவில்லை? மழை இல்லையா, மடை அடைத்ததா? அதை இந்தப் படம் சொல்லாது. ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு இருந்தாலும் படம் மாறலாம். அதை மட்டும் நம்பி வார்ஃபரின் ஆரம்பித்தால் ரத்தக்கசிவு ஆபத்து வேறு.

ஆகவே ஸ்பெக்டுக்காக வேலூருக்கு பஸ் ஏறும் முன், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி, இந்த மூன்று ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிள்ளை தங்காமல் போனதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் அவளுக்கு ஆஸ்பிரினும் தினசரி ஹெப்பாரின் ஊசியும். பையன் இப்போது ஒன்றாம் வகுப்பு. தலைவலி முழுசாய் விட்டபாடில்லை, குறைந்திருக்கிறது.

டாக்டர் ஆகிவிட்ட மாணவர்கள் பிழை கண்டால் கமென்டில் திருத்துங்கள். உங்கள் நோட்டில் நான் போட்ட சிவப்பு மைக்குப் பழிவாங்க நல்ல வாய்ப்பு!