பவரை ஏத்தினா காத்து பயந்துடுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிஞ்சது மக்களே. காலேஜ் மாடியிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஹாஸ்டல் மாடிக்கு லேசர்ல டேட்டா அனுப்பற குழு ஒண்ணு. "மத்தியான வெயில்ல சிக்னல் தடுமாறுது சார்"ன்னாங்க. வந்த பதில்: "லேசர் பவரை ஏத்துங்க." மொத்த வகுப்பும் தலையாட்டிச்சு. நானும்தான் (இன்டர்னல் மார்க் இருக்கே!). அங்க ஆட்டின தலையை இங்க நிமிர்த்திக்கறேன்.

மூடுபனி வேற, காத்துக் கொந்தளிப்பு வேற. பனி வெளிச்சத்தைக் குறைக்கும். அதுக்குப் பவர் ஓரளவு பதில். கொந்தளிப்பு அப்படி இல்ல. சூடும் குளிரும் கலந்த காத்து, சின்னச் சின்ன லென்ஸ் மாதிரி வெளிச்சத்தைக் குவிக்குது, கலைக்குது. தார் ரோட்டுல கானல் நெளியுமே, அதே சங்கதி. ரிசீவர் மேல வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் மாறி மாறி ஓடும். 20 டெசிபல் சரிவைப் பவராலயே சமாளிக்கணும்னா 100 மடங்கு வேணும். 10 மில்லிவாட் 1 வாட் ஆகும். ஹாஸ்டல் மாடியில துணி காயப்போடறவன் கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?

திட்டோட அளவைப் பாருங்க. அலைநீளத்தையும் தூரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா தோராயமா வந்துடும். 1550 நானோமீட்டர், 1 கிலோமீட்டர்னா சுமார் 4 சென்டிமீட்டர். ரிசீவர் லென்ஸ் அதைவிடச் சின்னதா இருந்தா, ஒரு இருட்டுத் திட்டு வந்தாலே மொத்தமா அவுட். 15 சென்டிமீட்டர் லென்ஸ்னா பல திட்டு ஒண்ணாச் சேர்ந்து சராசரி ஆயிடும்.

இல்லையா, இருக்கற பவரையே நாலாப் பிரிச்சுத் தள்ளித் தள்ளி வைங்க. 2013-ல நிலாவைச் சுத்தின லாடீ விண்கலத்துக்கு நாசா லேசர் அனுப்பினது அப்படித்தான். நியூ மெக்ஸிகோவுல நாலு தொலைநோக்கி, ஒவ்வொண்ணும் வேற வேற காத்து வழியா. ஒண்ணு தடுமாறினாலும் இன்னொண்ணு போய்ச் சேரும். நிலாவுக்கே அந்த வழின்னா ஹாஸ்டலுக்கு என்ன கேடு?

"எரர் கரெக்ஷன் கோட் போட்டா போதாதா?"ன்னு பின்னூட்டத்துல கேக்கப் போறவங்களுக்கு: 1 மில்லிசெகண்ட் சரிவுன்னாலே, 1 ஜிகாபிட் வேகத்துல 10 லட்சம் பிட் வரிசையாக் காலி. பிட்டுகளைக் கலைச்சுப் போட்டு அனுப்பாம கோட் மட்டும் போட்டா எந்தக் கோட் தாங்கும்?

அந்தக் குழுவோட ரிசீவர் லென்ஸ் என்ன சைஸ்னு ரிவ்யூல ஒருத்தர் கேக்கல. சாயங்காலம் நானே போய் ஸ்கேல் வெச்சு அளந்தேன். ரெண்டரை சென்டிமீட்டர்.