முதலில் திரை, பிறகுதான் கார்டு

விளையாட்டுக்கென்று கணினி வாங்கத் திட்டமிடும் இளைஞர்களிடையே முதலில் எழும் கேள்வி, எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு என்பதுதான். 2025 ஜனவரியில் என்விடியா வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுக்கு இந்தியாவில் அந்த நிறுவனம் அறிவித்த தொடக்க விலை ரூ.2,14,000. அதற்கு அடுத்த படியில் நிற்கும் 5080-க்கு ரூ.1,07,000. இவ்வளவு பணம் ஒரே பாகத்துக்குப் போய்விட்டால் மானிட்டருக்கு என்ன மிஞ்சும்? பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் ஏதோ ஒன்று வாங்கப்படுகிறது. அல்லது, வீட்டில் இருக்கும் பழைய திரையே இப்போதைக்குப் போதும் என்று முடிவாகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். எந்தத் திரை என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்தத் திரைக்குத் தேவையான கார்டைப் பிறகு தேட வேண்டும். பல குடும்பங்களில் இந்தப் பணம் பெற்றோரின் சேமிப்பிலிருந்தோ மாதத் தவணையிலிருந்தோ வருகிறது. ஆகவே, இதை விளையாட்டுப் பிள்ளைகளின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. முழு எச்டி எனப்படும் 1920×1080 திரையில் உள்ள புள்ளிகள் சுமார் 20.7 லட்சம். 2560×1440 திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது முழு எச்டியைப் போல நான்கு மடங்கு. உயர்ரகக் கார்டு எவ்வளவு நுணுக்கமான காட்சியை உருவாக்கினாலும், திரையில் இருக்கும் புள்ளிகளுக்கு மேல் ஒரு புள்ளிகூடக் கண்ணுக்கு வந்து சேராது. வேகமும் அப்படித்தான். 60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 முறை, அதாவது 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறை படத்தை மாற்றும். 240 ஹெர்ட்ஸ் திரை 4.2 மில்லிவிநாடிக்கு ஒருமுறை மாற்றும். விநாடிக்கு 200 ஃபிரேம் தரும் கார்டை 60 ஹெர்ட்ஸ் திரையோடு இணைத்தால் சுட்டியை அசைப்பதற்கும் திரை மாறுவதற்கும் இடையிலான தாமதம் ஓரளவு குறையும், அது உண்மை. ஆனால் படத்தின் ஓட்டம் 60-ஐத் தாண்டாது. உபரி ஃபிரேம்கள் வீணாகும், அல்லது துண்டுதுண்டாக ஒட்டி நடுவில் கிழிந்த படமாகத் தெரியும். 575 வாட் வரை மின்சாரம் இழுக்கும் ஒரு கார்டை யாரும் பார்க்காத படங்களை வரைய வைப்பதில் என்ன பயன்?

இதற்கு இன்னொரு சான்று, கணினி பாகங்களைச் சோதித்து எழுதுபவர்களின் வழக்கத்திலேயே உண்டு. ஒரு புதிய பிராசஸரின் திறனை அளக்க விரும்பும்போது அவர்கள் மிக உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்தி, விளையாட்டை முழு எச்டி அளவில் ஓட்டுகிறார்கள். அந்த அளவில் கார்டுக்கு வேலை குறைவு. அது பிராசஸருக்காகக் காத்திருக்கும். அதனால் பிராசஸர்களுக்கு இடையிலான வேறுபாடு பளிச்சென்று வெளிப்படும். கார்டின் திறமை வெளியே தெரியாமல் இருப்பதற்காகவே சோதனையாளர்கள் வேண்டுமென்றே ஏற்படுத்தும் இந்தச் சூழலைத்தான், இரண்டு லட்சம் ரூபாய் கார்டையும் முழு எச்டி மானிட்டரையும் சேர்த்து வாங்குபவர் தன் மேசையில் நிரந்தரமாக அமைத்துக்கொள்கிறார்.

விவரம் தெரிந்தவர்கள்கூட ஏன் இந்தத் தவறைச் செய்கிறார்கள்? கார்டின் தரத்தை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். இந்த விளையாட்டில் இத்தனை ஃபிரேம் என்றால் யாருக்கும் புரிகிறது. மானிட்டரின் தரத்தை அப்படிக் கடத்த முடியாது. புதிய திரையைப் பற்றிய காணொளியை நாம் நம் பழைய திரையில்தான் பார்க்கிறோம். அதன் கருமையும் பிரகாசமும் அசைவின் தெளிவும் நம் திரையின் எல்லையைத் தாண்டித் தெரிய வழியே இல்லை. போதாக்குறைக்குப் பெட்டியின் மேல் அச்சிடும் வாசகங்களும் வாங்குபவரைக் குழப்புகின்றன. புள்ளி நிறம் மாற ஆகும் நேரமாகச் சொல்லப்படும் ‘1 மில்லிவிநாடி’ என்ற எண், அன்றாடம் யாரும் பயன்படுத்த முடியாத அளவுக்கு முடுக்கிவிட்ட அமைப்பில் எடுத்ததாக இருக்கலாம். ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாட்டை விரிவாகக் காட்டுவதைக் குறிக்கும் எச்டிஆர் என்ற முத்திரையும் அப்படியே. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2017-ல் கொண்டுவந்த டிஸ்ப்ளேஎச்டிஆர் தரவரிசையின் கீழ்ப்படியான 400-க்கு, உச்ச ஒளி வரம்பு 400 நிட்ஸ்தான்; திரையின் பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி கட்டாயமில்லை. அந்த வசதி இல்லாத எல்சிடி திரையில் இருட்டுக் குகையும் அதற்குள் எரியும் தீப்பந்தமும் ஒரே சாம்பல் படலத்துக்குள் அடங்கிவிடும். கார்டு கணக்கிட்டு அனுப்பிய ஒளி வேறுபாடு வழியிலேயே தொலைந்துபோகும்.

அப்படியானால், வசதி உள்ளவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 4கே திரை வாங்கவேண்டியதுதானா? இல்லை. திரையின் அளவு, அதற்கு முன்னால் உட்காரும் தூரம், ஆடும் விளையாட்டு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். இயல்பான பார்வை உள்ளவர் 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்தறிவார். 27 அங்குல முழு எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.31 மில்லிமீட்டர், படிக்கட்டு போன்ற விளிம்புகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அதே அளவில் 2560×1440 என்றால் 0.23, உறுத்தல் பெரும்பாலும் அடங்கிவிடும். 32 அங்குல 4கே திரையில் 0.18, கண்ணின் எல்லையை ஏறக்குறைய தொட்டாயிற்று. அதே கணினியில் தமிழில் படிப்பவருக்கும் எழுதுபவருக்கும் இது கூடுதல் பொருள் உள்ள கணக்கு. ணகரத்தையும் னகரத்தையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி. சிறிய எழுத்தில், பெரிய புள்ளிகள் கொண்ட திரையில், அந்தச் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். ஆகவே 27 அங்குலத்துக்கு 1440, 32 அங்குலத்துக்கு 4கே என்பதைப் பொது விதியாகக் கொள்ளலாம். முழு எச்டியை 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். போட்டி விளையாட்டுகளில் முன்னணியில் இருப்பவர்கள் 24 அங்குல முழு எச்டி திரையைத்தானே விரும்புகிறார்கள் என்று கேட்பார்கள். உண்மைதான். வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றில் மொத்தக் களமும் ஒரே பார்வைக்குள் அடங்க வேண்டும். எதிராளி மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும் கணம் முந்தித் தெரிய வேண்டும். அவர்களுக்கு 240, 360 ஹெர்ட்ஸ் திரைகள் பயன் தருகின்றன. ஆனால் இந்த உண்மை என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. இவை பலதரப்பட்ட கணினிகளிலும் ஓட வேண்டும் என்று கருதி உருவாக்கப்பட்ட விளையாட்டுகள். குறிப்பாக வேலரண்ட், நடுத்தர விலைக் கார்டிலேயே விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம்களில் ஓடும். அதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால் பிராசஸரில்தான் செலவழிக்க வேண்டும். போட்டி ஆட்டமே பிரதானம் என்பவர் திரையை முதலில் தேர்ந்தெடுத்தால், தனக்கு 5090 தேவையே இல்லை என்று உடனே தெரிந்துகொள்வார். கார்டை முதலில் வாங்கியவருக்கு இது பணம் போனபிறகுதான் தெரியும்.

உயர்ரகக் கார்டு உண்மையில் தேவைப்படுவது வேறு வகை விளையாட்டுகளுக்கு. சைபர்பங்க் 2077-ல் ஒளியின் ஒவ்வொரு பாதையையும் பின்தொடரும் பாத் டிரேசிங் வசதி 2023-ல் சேர்க்கப்பட்டது. அதை 4கே அளவில், எந்த உதவித் தொழில்நுட்பமும் இல்லாமல் ஓட்டினால் 5090 கார்டே விநாடிக்கு 30 ஃபிரேமை எட்டத் திணறுகிறது. இதற்கு விடையாக இருப்பது என்விடியாவின் டிஎல்எஸ்எஸ். குறைந்த புள்ளிகளில் படத்தை வரைந்து, செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கித் தருவது அதன் வேலை. 4கே திரையில் இதன் ‘பர்ஃபார்மன்ஸ்’ நிலை உள்ளே முழு எச்டி அளவில்தான் வரைகிறது. ‘குவாலிட்டி’ நிலை 2560×1440 அளவில் வரைகிறது. ஆகவே, ஒரு கார்டு தூய 4கே அளவில் எத்தனை ஃபிரேம் தரும் என்ற ஒற்றைக் கணக்கை வைத்து 4கே திரையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. முழு எச்டி திரைக்குச் செய்யும் வேலையைவிடச் சற்றே அதிகமாகச் செய்தாலே, 4கே திரையில் வெகுவாகத் தெளிந்த படத்தைப் பெற முடிகிறது. ஒரு படி குறைந்த கார்டும் ஒரு படி உயர்ந்த திரையும் சேர்ந்தால் கிடைக்கும் காட்சி, உச்சக் கார்டும் சாதாரணத் திரையும் சேர்ந்தால் கிடைப்பதைவிட மேலானது என்று நான் சொல்வது இதனால்தான்.

புதிய கார்டுகளின் முக்கிய விளம்பரமான ஃபிரேம் உருவாக்கமும் திரையை நம்பியே நிற்கிறது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் வந்த டிஎல்எஸ்எஸ் 4, கார்டு வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மூன்று செயற்கை ஃபிரேம்கள் வரை சேர்க்க வல்லது. 240 ஹெர்ட்ஸ் திரையில் அசல் 60, சேர்த்தவை 180 என்றால் ஓட்டம் வழுவழுப்பாக இருக்கும். கையின் கட்டுப்பாடும் 60-க்கு உரிய அளவில் நிற்கும். 144 ஹெர்ட்ஸ் திரைக்குள் அதே நான்கு மடங்கை அடக்கினால் அசல் 36 ஆகச் சுருங்கிவிடும். பார்வைக்கு வேகம், கைக்கு மந்தம் என்ற முரண் அங்கே வந்துவிடுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் இந்த வசதிக்கு வேலையே இல்லை. ஆக, கார்டுக்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கு எதற்காகவோ, அதைத் திறக்கும் சாவி மானிட்டரிடம் இருக்கிறது.

அடுத்த மறுப்பு காலம் பற்றியது. கார்டை இப்போது வாங்கிவிட்டு, திரையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். எது நீடித்து உழைக்கும் என்று பார்த்தால் இந்த யோசனை பொருந்தாது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வரிசைகள் 2018, 2020, 2022, 2025 என்று இரண்டு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு முறையும் பழைய கார்டின் மதிப்பு சரிகிறது. 2014-ல் உச்சத்தில் இருந்த ஜிடிஎக்ஸ் 980 கார்டில், 2024 டிசம்பரில் வெளியான இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு ஓடாது. ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள் அதற்குக் கட்டாயம். அதே 2014-ல் வந்த ஏசூஸ் ஆர்ஓஜி ஸ்விஃப்ட் மானிட்டரோ 27 அங்குலம், 2560×1440, 144 ஹெர்ட்ஸ். இந்த மூன்று எண்களும் இன்றைக்கும் நல்ல நடுத்தரத் திரையின் எண்கள். திரை பல தலைமுறைக் கார்டுகளைத் தாண்டி நிற்கும். நீடிப்பதில் தாராளமாகவும், சீக்கிரம் பழசாவதில் அளவாகவும் செலவழிப்பதே புத்தி. வேலைக்காக, அதாவது காணொளித் தொகுப்புக்கோ முப்பரிமாண வடிவமைப்புக்கோ பெரிய கார்டு வாங்குபவர்களின் கணக்கு வேறு. 5090-இன் 32 ஜிபி நினைவகம் அவர்களுக்குச் சம்பாதித்துத் தரும். விளையாட மட்டுமே வாங்குபவர் அந்தக் காரணத்தைக் கடன் வாங்கக் கூடாது.

ஓஎல்இடி திரைகளைப் பற்றிய தயக்கத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். 32 அங்குலம், 4கே, 240 ஹெர்ட்ஸ் மூன்றும் சேர்ந்த ஓஎல்இடி மானிட்டர்கள் 2024-ல் சந்தைக்கு வந்தன. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கருமை முழுக் கருமையாக இருக்கும். வேகமான அசைவிலும் நிழல் படியாது. உச்சக் கார்டுக்கு இன்று இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அசையாத உருவங்கள் நாள் முழுவதும் நின்றால் திரையில் நிரந்தரத் தடம் பதியும் அபாயம் உண்டு. இதையும் உள்ளடக்கி மூன்றாண்டு உத்தரவாதம் தரும் தயாரிப்புகள் இருக்கின்றன. வாங்குமுன் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும். பகலெல்லாம் அதே திரையில் கணக்கும் கடிதமும் பார்த்து, இரவில் ஒரு மணி நேரம் விளையாடுபவருக்கு நல்ல ஐபிஎஸ் வகை எல்சிடி திரையோ, பின்விளக்கைப் பல நூறு பகுதிகளாகக் கட்டுப்படுத்தும் மினி எல்இடி திரையோ ஏற்றது.

திரையையும் கார்டையும் சரியாகச் சேர்த்தபிறகும் இரண்டு இடங்களில் பலன் நழுவலாம். ஒன்று இணைப்பு. 4கே, 240 ஹெர்ட்ஸ் ஓட்டத்தைச் சுருக்காமல் அனுப்ப விநாடிக்கு ஏறத்தாழ 60 ஜிகாபிட் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் இருந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.4 பயனுக்குத் தருவது சுமார் 26 மட்டுமே. மீதியைத் தரவுச் சுருக்கம் ஈடுகட்ட வேண்டும். 50 வரிசையில் டிஸ்ப்ளேபோர்ட் 2.1 இருக்கிறது, அதற்கு இணையான துளை மானிட்டரிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது அமைப்பு. புதிய மானிட்டர் விண்டோஸில் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுவது சகஜம். அதைக் கையால் மாற்ற வேண்டும். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் வசதியையும் இயக்க வேண்டும். ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கினாலும் திரை அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ள அதுவே வழி.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், பாகங்களின் பட்டியல் மானிட்டரிலிருந்து தொடங்கட்டும். எந்த விளையாட்டு, எவ்வளவு தூரத்தில் இருக்கை, பகலில் வேறென்ன வேலை என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுதினால் திரை முடிவாகும். திரை முடிவானால் கார்டு தானே முடிவாகும். கடைக்காரர்களும் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைப்பதோடு நிற்காமல், இரண்டு மூன்று திரைகளை ஒரே காட்சியோடு அருகருகே ஓடவிட வேண்டும். எண்களால் சொல்ல முடியாததை வாங்குபவரின் கண் அங்கேயே தெரிந்துகொள்ளும். அறிவித்த தொடக்க விலைகளின்படி, 5090 வாங்கும் பணத்தில் பாதிதான் 5080-க்கு. மறுபாதியில் தரமான ஒரு திரையையும் வாங்கி, கையில் மிச்சமும் வைத்துக்கொள்ளலாம். விளையாட மட்டும் கணினி வாங்கும் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் பரிந்துரை இதுதான்.