தாம்பூலப் பையில் தங்கமீன் கொடுக்காதீர்கள்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபமும் வரும். முழுசாக வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம் பக்கம் ஒரு புதுப் பழக்கம் பரவுகிறது. பிறந்தநாள், காதணி விழா, வீடு பால்காய்ச்சு, எதுவானாலும் வந்த பிள்ளைகளுக்குப் பாலிதீன் பையில் ஒரு தங்கமீன், கூடவே கைக்கு அடங்குகிற ஒரு கண்ணாடிக் கிண்ணம். சித்திரை மாதத்தில் அப்படி ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். யார் வீடு என்று சொல்ல மாட்டேன். மண்டப வாசலில் தொங்கிய பைகளில் பாதி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. "மீன் உன்கிட்ட பேசுது பாரு" என்று ஒரு அம்மா தன் பிள்ளைக்குச் சொன்னார். அந்த மீனுக்கு மூச்சு முட்டுகிறது என்று நான் சொன்னேன். "டீச்சர் ரிட்டயர்டு ஆகியும் பாடம் எடுக்குறாங்க" என்று சிரித்தார்கள். சரி, பாடமே எடுத்துவிடுகிறேன்.

நம் ஊர் பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தப் பூண்டை இங்கே கீழே தோட்டத்தில் ஊன்றி, மலையில் விளைவது போலவே விளையும் என்று எந்தச் சம்சாரியாவது சொல்வாரா? குளிர்ந்த இடத்து உயிர் வேறு, வெயில் இடத்து உயிர் வேறு என்று பூண்டு விஷயத்தில் நமக்குத் தெரிகிறது. மீன் விஷயத்தில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

தங்கமீன் சீனாவில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே வீட்டில் வளர்க்கத் தொடங்கிய கெண்டை இனம். குளிர்காலத்தில் குளத்தின் மேலே பனிக்கட்டி படர்ந்தாலும் அடியில் உயிரோடு கிடக்கும். அதற்குச் சுகமான சூடு 18 முதல் 23 டிகிரி வரை. கடையில் 'ஒயிட் கிளவுட்' என்று விற்கும் சின்ன மீனும் சீனாவின் குளிர்ந்த மலை ஓடைக்காரன்தான். அதற்கு 16 முதல் 22 டிகிரி வேண்டும். தான் என்ற ஒரு சாரணத் தலைவர் கண்டுபிடித்ததால், 1932-ல் அதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே அவர் பெயர் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரள ஓடைகளில் இருக்கும் 'மிஸ் கேரளா' மீனுக்கும் குளிர்ந்து ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும்.

"தங்கமீன் எந்தச் சூட்டையும் தாங்கும்" என்று கடைக்காரர் சொல்வார். அது முழுப் பொய் இல்லை. கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் தாங்குவது வேறு, வாழ்வது வேறு. இங்கிலாந்தில் 1956-ல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை, 43 வருடம் இருந்தது. நம் வீட்டுக் கிண்ணத்து மீன் 43 நாள் இருந்தால் "நல்லா வளர்த்தோம்" என்கிறோம்.

ஏன் சாகிறது? கணக்கைப் பாருங்கள். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே 10 டிகிரி ஏறும்போது மீனின் உடம்புக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். வரவு குறைகிறது, செலவு இரட்டிப்பாகிறது. எந்தக் குடும்பம் தாங்கும்? மீனின் கழிவில் வரும் அம்மோனியாவும் சூட்டில் இன்னும் கடுமையான விஷமாகும். வாய் குறுகிய கிண்ணத்தைக் கழுத்து வரை நிரப்பினால் காற்றுப் படும் பரப்பும் போச்சு. இத்தாலியில் மோன்சா நகராட்சி 2004-லும் ரோம் நகராட்சி 2005-லும் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். நம்மைவிட வெயில் குறைந்த ஊர்கள் அவை.

இதில் பெரிய வேடிக்கை, தொட்டி வாங்கினால் தங்கமீனுக்கும் சேர்த்து ஹீட்டரைத் தலையில் கட்டுவது. அது குளிர் நாட்டில் வெப்ப மண்டல மீன் வளர்ப்பவர்களுக்காக வந்த சாமான். மார்கழி ராத்திரியில் ஏஞ்சல், டிஸ்கஸ் வைத்திருப்பவர்களுக்கு உதவலாம். தங்கமீனுக்கு எதற்கு? சித்திரை, வைகாசியில் குடத்துத் தண்ணீரே வெதுவெதுவென்று இருக்கும் ஊரில் நமக்கு எதிரி குளிரா, சூடா?

"சின்ன மீன்தானே டீச்சர், செத்தா வேற வாங்கிக்கலாம்" என்கிறீர்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. வகுப்பறையில் இத்தனை வருடம் பிள்ளைகளைப் பார்த்தவள் சொல்கிறேன், நாம் வாயால் சொல்வதைவிடக் கையால் செய்வதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள். காலையில் செத்த மீனைக் குப்பையில் போட்டுவிட்டுச் சாயந்திரம் அதே நிறத்தில் இன்னொன்றை விட்டால், உயிர் என்றால் மாற்றிக்கொள்ளும் சாமான் என்று அந்தப் பிள்ளை படித்துவிடும். அதை அழிக்க எந்த டஸ்டராலும் முடியாது.

ஏற்கெனவே வீட்டில் தங்கமீன் இருக்கிறதா? இதைச் செய்யுங்கள்.

முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள். கிண்ணத்தை விட்டு அகலமான பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஜன்னல் வெயில் படாமல், டிவி, ஃபிரிட்ஜ் பக்கம் இல்லாமல் வையுங்கள். காற்றுக் குழாய் பம்ப் இரவிலும் ஓடட்டும். மத்தியானம் மூடியைத் திறந்து, மேலே வலை போட்டு, மேஜை விசிறிக் காற்றைத் தண்ணீர் மேல் படும்படி விடுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஆவியாதல் பாடம் நடத்தினேனே, மறந்துவிட்டதா? ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஊற்றிச் சரிசெய்யுங்கள். ஐஸ்கட்டியை அள்ளிக் கொட்டாதீர்கள். சூடு சட்டென்று மாறினாலும் மீனுக்கு ஆபத்துதான். மத்தியானம் மாடி சின்டெக்ஸ் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். நிழலில் ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரை, காலை நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வெயில் நாளில் தீனியைக் குறையுங்கள்.

புதிதாக வளர்க்க ஆசையா? வெயில் ஊருக்கு ஏற்ற மீன்கள் இருக்கின்றன. கப்பி, மோலி, தனியாக விட்டால் ஃபைட்டர். 26, 28 டிகிரியில் சந்தோஷமாக இருக்கும். சித்திரை வெயிலில் அவற்றுக்கும் நிழலும் காற்றும் வேண்டும்.

இன்னொன்று. கும்பக்கரைக்குப் போய்விட்டு வரும்போது ஓடையில் இருக்கும் குஞ்சு மீனைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வராதீர்கள். மலையிலிருந்து இறங்கி ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் பிறந்தது அது. காரின் பின்சீட்டில் பெரியகுளம் தாண்டுவதற்குள் அந்தப் பாட்டில் வெந்நீராகிவிடும்.

அடுத்து வரும் விசேஷத்துக்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது உயிரோடு இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும் என்றால் ஒரு முருங்கைக் கன்று கொடுங்கள். நம் வெயில் அதற்குப் பிடிக்கும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். ஆனால் தொட்டியில் வெப்பமானி வைத்து மத்தியானம் 3 மணிக்கு எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர் (சொந்தங்களுக்கு அத்தை, பெரியம்மா),
வடுகபட்டி.