புத்தகம் ஒன்று, பெஞ்சு வேறு

கல்வியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நமக்குப் பின்லாந்து நினைவுக்கு வந்துவிடும். அங்கே 7 வயதில்தான் பள்ளி. 45 நிமிடம் பாடம் நடந்தால் 15 நிமிடம் பிள்ளைகள் வெளியே ஓடுகிறார்கள், பனி கொட்டினாலும். பள்ளிப் படிப்பின் கடைசிக் கட்டம்வரை நாடு தழுவிய பொதுத்தேர்வு கிடையாது. இதையெல்லாம் மெச்சிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, மூன்றரை வயதுப் பிள்ளைக்கு எல்.கே.ஜி. விண்ணப்பம் நிரப்புகிறோம்.

பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டபோது நாம் மறுப்புச் சொல்லவில்லை. அக்கறையான வாத்தியார் என்றோம். பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்திய பள்ளிகளைத் தேடி, கடன் வாங்கி, நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிகளில் பிள்ளைகளைச் சேர்த்தோம். அவற்றுக்குப் பிராய்லர் பள்ளி என்று பெயர் வைத்தவர்களும் நாம்தான், வாசலில் வரிசையில் நின்றவர்களும் நாம்தான்.

பின்லாந்தும் தமிழ்நாடும் ஒருமுறை ஒரே பட்டியலில் வந்தன. 15 வயது மாணவர்களின் வாசிப்பு, கணக்கு, அறிவியல் திறனை அளக்கும் பன்னாட்டு பீசா தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது பின்லாந்து உச்சிக்கு அருகில் இருந்தது. நாம் அடிமட்டத்தில் கிடந்தோம். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். அடுத்த சுற்றுக்கு இந்தியா போகவே இல்லை. நாமும் ஏனென்று கேட்கவில்லை.

பின்லாந்தின் கதையில் வசதியாக ஒரு பகுதியை விட்டுவிடுகிறோம். 1960கள்வரை அங்கேயும் 10, 11 வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்தார்கள். தேர்வானவர்களுக்குக் கட்டணப் பள்ளி, மற்றவர்களுக்கு வேறு பள்ளி. 1968இல் சட்டம் இயற்றி, 1972இல் வடகோடி லாப்லாந்தில் தொடங்கி, 1977க்குள் தெற்கே ஹெல்சிங்கி வட்டாரம்வரை பொதுப்பள்ளியைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளையும் டிரைவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். அந்த வகுப்பு கெட்டால் எல்லார் வீட்டிலும் வலிக்கும். பின்னாளில் அவர்களின் பீசா மதிப்பெண்ணும் சரிந்தது. அதைக் காட்டி நாம் நழுவ முடியாது, ஏனென்றால் அந்த ஒரே வகுப்பை நாம் முயன்றே பார்க்கவில்லை.

சோறு போடுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பின்லாந்தில் 1948 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இலவச உணவு. நம்மிடம் 1956இல் காமராஜரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு. ஆனால், அது நம் வீட்டுப் பிள்ளைக்கான சோறில்லை என்று முடிவுகட்டினோம். அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்குகிற நம்மில் பலரும் சொந்தப் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில்தான் ஏற்றினோம். சமச்சீர்க் கல்வி வந்தது. புத்தகம் பொதுவானது, பெஞ்சு பொதுவாகவில்லை. புத்தகம் பொதுவானதுகூடப் பொறுக்காமல் சி.பி.எஸ்.இ. பக்கம் தாவினோம். கடைசியில், 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரச் சட்டம் போட வேண்டிவந்தது. அதைச் சாதனை என்று கொண்டாடினோம். அந்தப் பிள்ளைகளை எவ்வளவு தூரம் பின்னே விட்டுவிட்டு வந்தோம் என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி என்று நமக்குத் தோன்றவில்லை.

அரசுப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, ஆசிரியர் பணியிடம் காலி, மைதானம் போனது என்று கேட்கும் உரிமை அங்கே இருக்கிறது. அதிகாரி வீட்டுக்குப் போன் போடத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள், பத்திரிகையில் எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. நம் பிள்ளை அங்கே படித்தால்தானே நாம் அங்கே இருப்போம்? அரசுப் பள்ளி கெட்டுவிட்டதென்று சொல்லி வெளியேறினோம். கேட்கத் தெரிந்த நாம் வெளியேறியதால் அது எவ்வளவு கெட்டது என்ற கணக்கை இன்னும் போடவில்லை.